காருக்கு மூச்சு முட்டுகிறது, அப்பா

என் உயிருக்கு உயிரான அப்பாவுக்கு,

இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் தாத்தாவும் இருந்தால் அவருக்கும் வேண்டாம். தாத்தாவுக்குச் சின்ன மகன் மேல்தான் உயிர் என்று நீங்களே சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். சித்தப்பாவைப் பற்றி நான் எழுதியிருப்பதை அவர் படித்தால் என்னைப் பேத்தி என்று சொல்லவே கூசுவார்.

அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். குப்பி விளக்கின் திரியை எவ்வளவு இறக்கலாமோ அவ்வளவு இறக்கிவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் சித்தப்பா படுத்திருக்கிறார். தூங்கவில்லை. அவர் புரளும்போதெல்லாம் என் கை நின்றுவிடுகிறது. எழுதி முடித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடுவேன். அப்படித்தான் உங்களிடம் வந்து சேரும் என்று நினைக்கிறேன். வேறு எப்படி அனுப்புவது?

நீங்கள் போன பிறகு தோட்டத் துரை தன் காரை ஓட்டும் வேலையைச் சித்தப்பாவிடம் கொடுத்தார். காரோடு வீடும் அவருடையதாகிவிட்டது. தோட்டத்தில் அப்படித்தானே, டிரைவருக்குத்தானே டிரைவர் வீடு. சித்தப்பா எங்களைக் கொழுந்து பறிப்பவர்கள் இருக்கும் லயத்துக்கு அனுப்பவில்லை. "அண்ணி எங்கயும் போக வேணாம். இது அண்ணன் வீடு. நாங்கதான் ஒண்ட வந்திருக்கோம்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். தோட்டமே அவரைப் புகழ்ந்தது. நானும் நன்றியோடு இருந்திருக்க வேண்டும். எனக்கு நெஞ்சு எரிந்தது.

உங்கள் காக்கிச் சட்டை அவருக்குச் சரியாக இருக்கிறது, அப்பா. தோள்கூடச் சரியாக நிற்கிறது. கொஞ்சமாவது தொளதொளவென்று இருந்திருக்கக் கூடாதா? லயத்துக்குக் கீழே இருக்கும் வளைவில் நீங்கள் அடிப்பது போலவே இரண்டு தரம் ஹோர்ன் அடிக்கிறார். நீங்கள் அதை எனக்காக அடித்தீர்கள். இப்போது அதைக் கேட்டு மலர் எழுந்து வாசலுக்கு ஓடுகிறாள். நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

மலர் என்றால் உங்கள் தம்பி மகள் என்று மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். பொங்கலுக்கு வந்தால் வெட்கப்பட்டுச் சித்திக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாளே, அந்த மலர் இல்லை இவள். கார் வெறுமையாகப் பதுளைக்குப் போகிற நாட்களில் சித்தப்பா எங்கள் இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார். முன் சீட்டில் அவள். பின் சீட்டில் நான். முதல் நாள் நான் வழக்கம்போல முன் கதவைத் திறக்கப் போனேன்.

"பின்னால ஒக்காரு சரசு. துரைசாணி மாதிரி" என்றாள்.

சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "ஆமா, சரசம்மாவுக்கு ஹாலிஎலயில பங்களா இருக்குல்ல" என்றார். கேலிதான். மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. நான் மட்டும் பள்ளிக்கூடம் வரை சன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு போனேன்.

காரில் எனக்கென்று இருந்த வேலை ஒன்றுதான். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? பானட்டைத் திறப்பீர்கள். வட்டமான தகர டப்பாவின் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் பில்டரை, அந்த மடிப்பு மடிப்பான காகித வளையத்தை, எடுத்து என் கையில் தருவீர்கள். நான் அதை வெயிலுக்கு நேரே தூக்கி ஒரு கண்ணை மூடிப் பார்ப்பேன்.

"வெளிச்சம் தெரியுதா பாப்பா?"

"தெரியுதுப்பா."

"அப்ப தட்டிப் போடு. இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்."

தெரியவில்லை என்று சொன்னால் புதுசு. அவ்வளவுதான் கணக்கு. மைலும் மாதமும் நீங்கள் பார்த்ததே இல்லை. பிறகு முன் கண்ணாடிக்குக் கீழே, காருக்குள் காற்று வருகிற வாயில், அம்மாவின் பழைய வெள்ளைச் சேலைத் துண்டை இழுத்துக் கட்டுவீர்கள். துரைசாணிக்குத் தூசி ஆகாது என்று நீங்களே செய்த ஏற்பாடு அது. "என்ஜினுக்குக் காயிதம், ஆளுக்குத் துணி. ரெண்டுக்கும் மூச்சு ஒண்ணுதான்" என்பீர்கள். துணி கறுத்தால் மாற்றுவதும் என் வேலை.

இப்போது இரண்டும் மலரின் வேலை. ஒருநாள் அந்தக் காகித வளையத்தைத் தலையில் கிரீடம் மாதிரி வைத்துக்கொண்டு முற்றத்தில் நடந்து காட்டினாள். அம்மா சிரித்தாள். நீங்கள் போனதற்குப் பிறகு அம்மா வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அது என்னால் இல்லை.

இப்போது நாட்டு நடப்பையும் சொல்லவேண்டும். வெளிநாட்டுச் சாமான் எதுவும் வருவதில்லை. மாவுக்கு வரிசை, சீனிக்கு வரிசை. கார் சாமானுக்கு வரிசைகூட இல்லை. முன்பு நீங்கள் கேட்கும்போதெல்லாம் ஆபீஸ் பெரிய கிளாக்கர் அலுமாரியைத் திறந்து புது பில்டர் எடுத்துத் தருவார். இரண்டு மாதத்துக்கு ஒன்று என்றாலும் ஏன் என்று கேட்டதில்லை. இப்போது அந்த அலுமாரியில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. வருசத்துக்கு ஒன்று என்று முடிவாகச் சொல்லிவிட்டார். சித்தப்பா தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, "என்ன முருகேசு, பொங்கலுக்குத்தானே புதுசு குடுத்தேன்? காரு ஓட்டுறியா, இல்ல காயிதம் திங்கிற மாடு வளக்கிறியா?" என்று கேட்டிருக்கிறார். ஆபீசில் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு சித்தப்பா பில்டர் என்ற பேச்சையே எடுக்கவில்லை, மலரையும் அந்த டப்பாவைத் திறக்க விடவில்லை. பொங்கலுக்குத்தான் மாற்றினோம், ஆகவே அதில் குறை இருக்காது என்று அவரும் நம்பிவிட்டார்.

ஆனால் கார் இளைத்துக்கொண்டே வந்தது. பதுளையிலிருந்து ஏறும்போது இழுக்கவில்லை. பின்னால் கறுப்புப் புகை. பெற்றோலும் அதிகம் குடித்தது. சித்தப்பா பிளக்கைக் கழற்றித் துடைத்தார். பெற்றோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று போத்தலில் பிடித்து வைத்துப் பார்த்தார். நான் சமையலறைச் சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது, அப்பா. உங்கள் கைக்கு ஓடிய கார் அவர் கைக்கு ஓடவில்லை. யாரும் அதைச் சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரிந்தது. அது போதும் என்று இருந்தது.

போன சனிக்கிழமை துரை வேறொரு துரையின் காரில் நுவரெலியாவுக்குப் போனார். நம் கார் ஞாயிற்றுக்கிழமை முழுக்க நிறுத்திய இடத்திலேயே நின்றது. நீங்கள் எப்போதும் நிறுத்துவீர்களே, தேயிலையை அரைத்து உலர்த்தும் ஸ்டோரின் சூட்டுச் சுவர் ஓரம், அங்கேதான். சித்தப்பாவும் அங்கேதான் நிறுத்துகிறார். அண்ணன் நிறுத்திய இடம் என்று ஓர் அடிகூடத் தள்ளி நிறுத்த மாட்டார்.

ஞாயிறு மாலை மலர் ஓடி வந்தாள். கையில் அந்த வெள்ளைத் துணி. வெள்ளையாக இல்லை.

"அப்பா, இங்க பாருங்க. நேத்து மத்தியானந்தான் புதுத் துணி கட்டுனேன். வண்டி ரோட்டுக்கே போகல. எப்பிடி இப்பிடி ஆச்சு?"

சித்தப்பா துணியை வாங்கி விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"ஸ்டோரு சொவத்து ஃபேன்லருந்து வருதுப்பா. தேயில சலிக்கிறப்ப பறக்குமே, பஞ்சு மாதிரி, அதுதான். காலையில அங்கயே நின்னு காரைச் சூடு பண்றீங்கள்ல? துணியிலயே இவ்வளவுன்னா என்ஜின் எவ்வளவு குடிச்சிருக்கும்? பெரியப்பா நிறுத்துன எடந்தான் தப்பு."

பெரியப்பா நிறுத்திய இடம் தப்பு. அப்படியே சொன்னாள். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகு நின்றது.

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு சரசு. நீதானே அண்ணன்கூடவே நிப்ப. அங்க நிறுத்தி ஏதும் தொந்தரவு வந்திச்சா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் எல்லாரும் என்னைப் பார்த்தது அப்போதுதான்.

"அப்பா இத்தனை வருசமும் அங்கதான் நிறுத்தினாரு. ஒண்ணும் ஆகல. நமுனுகுல மலைக் குளிர்ல மத்த தோட்டத்துக் காரையெல்லாம் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணுவாங்க. அப்பா கார் மட்டும் ஒரே தடவையில எடுக்கும். அந்தச் சுவத்துச் சூடுதான் காரணம். இவளுக்கு என்ன தெரியும்? நேத்து வந்தவ" என்றேன்.

"நேத்து வந்தவன்னு சொல்லாதடி" என்றாள் அம்மா.

சித்தப்பா துணியை மலரிடமே கொடுத்தார். "அண்ணன் தப்பா ஒண்ணும் செய்ய மாட்டாரு. போ, தொவச்சுப் போடு" என்றார். மலரின் முகம் சுருங்கிவிட்டது. அன்றிரவு நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை கோயிலுக்குக் கீழே இருக்கும் ஏற்றத்தில் கார் நின்றுவிட்டது. உள்ளே துரையும் துரைசாணியும். தேயிலை மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பார்க்க, துரை இறங்கி நடந்தே பங்களாவுக்குப் போனார். சித்தப்பா பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, தலையை உள்ளே விட்டுக்கொண்டு, துரை கண்ணுக்கு மறையும் வரை நிமிரவே இல்லையாம். அம்மா மலையிலிருந்து பார்த்திருக்கிறாள்.

மாலையில் பெரிய கிளாக்கர் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "தொர சொல்லிட்டாரு முருகேசு. இன்னொரு தடவ வழியில நின்னா பதுளையிலருந்து வேற டிரைவர் வந்துருவான். அவனுக்கும் புள்ளகுட்டி இருக்கும், வீடு வேணும். வெள்ளிக்கிழம கொழும்பு பெரிய தொர வர்றாரு. ஸ்டேசன்லருந்து ஏத்திக்கிட்டு வரணும். பாத்துக்க."

"சரிங்க ஐயா" என்றார் சித்தப்பா.

நாளைக்குத்தான் வெள்ளிக்கிழமை, அப்பா.

மலர் "நான் அப்பவே சொன்னேன்ல" என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நேற்றும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளை வெறுப்பதற்கு எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். இன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டு நடந்து வரும்போது, "வீட்ட விடச் சொன்னா நாம எங்க போவோம் சரசு?" என்று மட்டும் கேட்டாள். நாம் என்றாள்.

பொழுது சாய்ந்ததும் சித்தப்பா மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்குக் குளிக்கப் போனார். நான் யாருக்கும் தெரியாமல் ஸ்டோர்ப் பக்கம் போனேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பானட்டைத் தூக்கி, டப்பா மூடியின் நட்டைத் திருகினேன். அது கை நழுவிச் சக்கரத்துக்குக் கீழே உருண்டு போனது; தேடி எடுத்தேன். காகித வளையத்தை வெளியே எடுத்து, ஸ்டோர் வாசல் மின்விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.

வெளிச்சம் தெரியவில்லை. ஒரு பொட்டுகூட.

மடிப்பெல்லாம் அடைந்துபோய், தொட்டால் பூனைக்குட்டியின் வயிறு மாதிரி மெத்தென்று இருந்தது. பதுளை ரோட்டுத் தூசி சிவப்பு. அது கையில் நறநறக்கும். இது பழுப்பு. முகர்ந்து பார்த்தேன். தேயிலை வாசனை. பிறகுதான் எனக்குப் புரிந்தது, அது நான் உங்கள் வாசனை என்று நினைத்துக்கொண்டிருந்த வாசனை. உங்கள் சட்டையில் இருந்த அதே வாசனை. காலையில் கார் சூடாகும் வரை நீங்களும் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று கொண்டிருப்பீர்கள். உங்களைக் கொண்டுபோன அந்த இருமலும் அங்கேதான் பிடித்ததா, அப்பா? அதற்கு மேல் யோசிக்கப் பயமாக இருக்கிறது. வளையத்தைத் திரும்ப உள்ளே வைத்து, எல்லாவற்றையும் இருந்தபடியே மூடிவிட்டு வந்துவிட்டேன்.

மலர் சொன்னது சரி. நீங்கள் நிறுத்திய இடம் தப்பு.

எழுதிவிட்டேன். நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும். ஆனாலும் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாது போல இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் வெளிச்சம் தெரியவில்லை என்று நான் சொல்வேன். "பாழாப்போன பதுளை ரோடு" என்று நீங்கள் திட்டுவீர்கள். புது பில்டர் வரும். ஏன் இவ்வளவு சீக்கிரம் அடைகிறது என்று நாம் கேட்டதே இல்லை. அலுமாரி நிறைய இருந்தவரை கேட்க வேண்டிய தேவையும் வரவில்லை. அந்தச் சுவரில் ஃபேன் வைத்த நாளிலிருந்து நம் காருக்கு மூச்சு முட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நீங்கள் ஓட்டியபோதும்.

சித்தப்பாவிடம் பில்டர் அடைத்துவிட்டது என்று மட்டும் சொல்லி, இடத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். அவர் கிளாக்கர் காலில் விழுந்தாவது அந்தக் கடைசி பில்டரை வாங்கிப் போட்டுவிடுவார். நாளைக்குக் கார் ஏறிவிடும். உங்கள் பெயரும் பிழைக்கும். ஆனால் சாயங்காலம் வந்து அதே சுவர் ஓரம்தான் நிறுத்துவார். இரண்டு மாதத்தில் அதுவும் அடைத்துவிடும். அப்புறம் போடுவதற்கு எதுவும் இல்லை. ஆகவே இடத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? காரை மேலே சவுக்கு மரத்தடிக்குக் கொண்டுபோய் நிறுத்துவார். குளிரில் நாலு பேர் தள்ளவேண்டி வரும், வந்தாலும் பரவாயில்லை. கார் நன்றாக ஓடும். பில்டர் வருசம் முழுக்கத் தாங்கும். துணியும் வெள்ளையாகவே இருக்கும். அப்போது கிளாக்கர் என்ன சொல்வார்? "அண்ணன்காரன் அலுமாரியக் காலி பண்ணினான். தம்பி கெட்டிக்காரன்" என்பார். லயத்தில் எல்லாரும் அதையே சொல்வார்கள். கொஞ்ச நாளில் அம்மாவும் ஆமாம் என்பாள். உங்கள் சட்டை அவருக்குப் போய்விட்டது. வீடும், ஹோர்னும், முன் சீட்டும் போய்விட்டன. நல்ல டிரைவர் என்ற பெயர் ஒன்றுதான் உங்களிடம் மீதி இருந்தது. அதையும் நானே எடுத்து அவர்கள் கையில் கொடுக்க வேண்டுமா? நீங்கள் இன்னொரு தரம் போவது போல இருக்கிறது.

இந்த எரிச்சல் எனக்கு எப்போது அடங்கும்? அவர் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். அவர் உங்களை நம்பித்தான் அந்தச் சுவர் ஓரம் நிறுத்துகிறார். என்னை நம்பித்தான் மலர் கொண்டுவந்து காட்டிய துணியைத் துவைக்கச் சொன்னார். தன் மகள் கண் முன்னால் காட்டியதை விட்டுவிட்டு, அண்ணன் மகள் வாயால் சொன்னதை எடுத்துக்கொண்டார். அதை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது. அழுதால் சத்தம் கேட்டுவிடும்.

சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடியும் புரளுகிறார். பெருமூச்சு விடுகிறார். உங்கள் பெருமூச்சு மாதிரியே இருக்கிறது. அதுகூட எனக்குப் பிடிக்கவில்லை.

அப்பா, உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். விடிந்ததும், சித்தப்பா சாவியை எடுப்பதற்கு முன், சொல்லிவிடுகிறேன். மலரை வைத்துக்கொண்டே சொல்லுகிறேன். "மலர் சொன்னதுதான் சரி. அப்பாவுக்கு அது தெரியல" என்று சொல்லுவேன். நீங்கள் தப்பு செய்தீர்கள் என்று சொல்ல மாட்டேன். தெரியவில்லை என்று சொல்லுவேன். அது பொய் இல்லையே? நீங்கள் பொறுத்துக்கொள்வீர்களா? நீங்கள் மனிதர்தானே, அப்பா. உங்களுக்கும் ஒன்று தெரியாமல் இருக்கலாம்தானே. அதற்காக உங்கள் மேல் எனக்கு ஓர் அணுவும் குறைந்துவிடவில்லை. மற்றவர்களுக்குக் குறைந்தால் குறையட்டும். குறைந்ததை எல்லாம் சேர்த்து நானே

கதவைத் தட்டுகிறார்கள்.

மலர். "சரசு, உள்ளயா இருக்க? அப்பாவுக்குத் தூக்கம் வரலையாம், சாவிய எடுத்துக்கிட்டாரு. இப்பவே போயி அந்தச் சொவத்துக்கிட்ட வச்சு ஸ்டார்ட் பண்ணிப் பாக்கப் போறாராம். நான் சொன்னா கேக்க மாட்டாரு. நீ சொன்னா கேப்பாரு, வா" என்கிறாள்.

விடியும் வரை நேரம் இல்லை, அப்பா. போகிறேன்.

உங்கள் மகள்